விற்றமின் போத்தல்

இவர் மருந்துக் குளிசைக்குக் கை நீட்டுகிற விதம் ஒன்று இருக்கிறது. கோயிலில் திருநீறு வாங்குகிறவர் மாதிரி வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நீட்டுவார். கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருடமாயிற்று. உப்புக் கூடிவிட்டது, புளி குறைந்துவிட்டது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் வைத்ததைச் சாப்பிடுவார், நான் தந்ததைக் குடிப்பார். கந்தோரில் என்னோடு வேலை செய்கிற பெண்கள், "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அக்கா" என்பார்கள். இப்போது அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நான் கிளிநொச்சிப் பிரதேச செயலகத்தில் கிளாக். இவர் இரணைமடுத் தண்ணீரை நம்பி வயல் செய்கிறவர். வீட்டில் மூன்றாவது ஆள் இவருடைய அக்கா, எனக்கு மச்சாள். மச்சாளின் புருஷன் காலமாகி, பிள்ளைகளும் வெளிநாடு போனபிறகு எங்களோடுதான் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், அவளுக்குக் கொழும்பில் வேலை. மச்சாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காலையில் வேலியடியில் நின்று பல்லு விளக்கத் தொடங்கினாரென்றால், எட்டு மணிக்கு முன்னர் எங்கள் வீட்டுப் புதினம் ஒழுங்கை முழுக்கப் போய்விடும். கெட்ட மனம் என்று சொல்லமாட்டேன். வாய்க்குப் பூட்டு இல்லை, அவ்வளவுதான்.

போன காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு ஒரு பின்னேரம் இவர் குசினிக்குள் வந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்திலை வெறுங்கையால் தூக்கி இறக்கி வைத்தார். பிறகு பேசாமல் போய்க் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுக்கப் போனபோது பார்க்கிறேன், சுண்டுவிரல் பக்கம் தோல் வெந்து கொப்பளித்துக் கிடக்கிறது.

"சுடேல்லையோ உங்களுக்கு?"

"இல்லை."

"என்னெண்டு சுடாமல் போகும்?"

"கொஞ்ச நாளா அந்தப் பக்கம் மரத்துப்போய்க் கிடக்கு."

கொஞ்ச நாள் என்றால் ஒரு வருடமாம். முதுகிலும் முழங்கைக்கு மேலும் நிறம் வெளுத்த படைகள் இருந்தது எனக்குத் தெரியும். தேமல் என்று சொல்லி, கடையில் களிம்பு வாங்கிப் பூசிவிட்டவளே நான்தான். இரண்டு நாள் லீவு போட்டு இவரை ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பஞ்சு நுனியால் அங்கேயும் இங்கேயும் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொடுகிறேன் சொல்லுங்கோ என்று கேட்டார். இவர் பாதி இடங்களில் ஒன்றும் சொல்லவில்லை.

தொழுநோய். டொக்டர் அதைச் சளித் தடிமன் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். பன்னிரண்டு மாதம் குளிசை எடுத்தால் சுகம் வந்துவிடும், மருந்து தொடங்கியதும் மற்றவர்களுக்குத் தொற்றாது, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இதற்கு முன் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார்கள். முதல் நாள் குளிசையைத் தாதியின் முன்னால் வைத்தே விழுங்கச் செய்து, மிச்சம் இருபத்தேழு நாளுக்கானதை அட்டையோடு கையில் தந்தார்கள். மாதத்துக்கு ஒரு தரம் வந்து அடுத்த அட்டை வாங்க வேண்டும்.

டொக்டர் நிறைய விளங்கப்படுத்தினார். ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்றார். மாதத்தின் முதல் நாள் குடிக்கிற சிவப்புக் குளிசையால் சலம் கழிக்கும்போது சிவப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"காய்ச்சலோட உடம்பில சிவப்பா ஏதும் போட்டாலோ, கண் மஞ்சளாப் போனாலோ, குளிசையை உடன நிப்பாட்டிப்போட்டு அண்டைக்கே வாங்கோ. கிளினிக் நாள் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

சொன்னார். சத்தியமாகச் சொன்னார். அந்த நேரம் நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மர வாங்கில் இருந்த ஒரு பெண் எங்கள் ஒழுங்கைக்காரி மாதிரி இருந்தாள். அவள் திரும்பினால் என்ன பொய் சொல்லலாம் என்பதில்தான் என் புத்தி முழுக்க இருந்தது. வீட்டுக்கு வந்து என் டயறியில் ஒரேயொரு வரி எழுதி, அடியில் இரண்டு கோடும் கீறினேன்: ஒரு நாளும் தவறக் கூடாது.

ஏன் அப்படி ஒளித்தேன் என்று கேட்கலாம். மகளுக்கு அப்போது ஒரு இடத்தில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வவுனியாப் பக்கத்துப் பொடியன், நல்ல குடும்பம். பேச்சைக் கொண்டுவந்ததே மச்சாள்தான். தகப்பனுக்கு இந்த வருத்தம் என்று ஒரு சொல் வெளியே போனால் அந்தக் குடும்பம் திரும்பியும் பார்க்காது என்று நினைத்தேன். மச்சாளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. அதனால் மச்சாளுக்குத் தெரியக் கூடாது. இவரிடம் சொன்னேன். வழக்கம்போல, "நீர் சொன்னாச் சரி" என்றார்.

குளிசை அட்டையோடு ஒரு துண்டுப் பிரசுரமும் தந்திருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் வருத்தத்தின் பெயர் போட்டிருந்தது. அதை வாசித்தும் பார்க்காமல் அடுப்பில் வைத்தேன். அட்டையிலும் பெயர் இருந்ததால் குளிசைகளை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தேன். குசினிச் சுவர்த் தட்டில் முடிந்துபோன விற்றமின் போத்தல் ஒன்று கிடந்தது. கழுவித் துடைத்து அதற்குள் போட்டேன். வெள்ளைக் குளிசை டப்சோன், மற்றது மண்ணிறம். அட்டையையும் எரித்தேன். கந்தோரில் ஒரு கடிதத்துக்கு மூன்று பிரதி எடுத்துக் கோவையில் போடுகிறவள் நான். வீட்டில் இருக்க வேண்டிய ஒரேயொரு தாளைக் கொளுத்திவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

"உதென்ன குளிசை பிள்ளை?" என்று மச்சாள் இரண்டாம் நாளே கேட்டார்.

"நரம்புக்கு விற்றமின் மச்சாள். கை மரக்குதாம்."

"வயல் வேலை செய்யிற ஆளுக்கு விற்றமினோ? முருங்கையிலைய அவிச்சுக் குடு" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு நாளும் பொழுதுபட, இவர் வயலால் வந்து குளித்துச் சாப்பிட்டதும் கையை நீட்டுவார். நான் போத்தலைத் திறந்து வெள்ளையில் ஒன்று, மண்ணிறத்தில் ஒன்று வைப்பேன். பார்க்கவே மாட்டார், அப்படியே வாய்க்குள் போகும். ஒரு நாளும் தவறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது மாதக் குளிசை தொடங்கி ஒரு கிழமை போயிருக்கும். வைகாசி வெயில், அம்மன் கோயில் பொங்கல் நெருங்கிய நேரம். பின் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளுக்குச் சின்னமுத்து அம்மை போட்டிருந்தது என்று மச்சாள் ஏற்கெனவே புதினம் கொண்டுவந்திருந்தார். இவர் ஒரு மத்தியானம் வயலால் நேரத்தோடு வந்து படுத்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மறுநாள் காலை நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் போட்டிருந்தது, பின்னேரம் முகத்துக்கும் கைகளுக்கும் பரவியது.

மச்சாள் இவர் போட்டிருந்த சேட்டை விலக்கிப் பார்த்தார். உடனே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"அம்மாளாச்சி வந்திட்டா."

அதற்குப் பிறகு வீடு மச்சாளின் கையில். வாசல் படலையில் வேப்பிலை கட்டினார். இவரை அறைக்குள் வெள்ளை வேட்டி விரித்துக் கிடத்தி, தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து வைத்தார். குசினியில் தாளிக்கக் கூடாது, மீன் வாங்கக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. இளநீர், பழஞ்சோறு, மோர். அம்மாள் தானாக வந்தவ, தானாகப் போவா; அவ இருக்கும்வரை மருந்து என்று ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது.

"உந்த விற்றமினையும் நிப்பாட்டு பிள்ளை. அம்மாள் போகட்டும், பிறகு குடுக்கலாம்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. படித்தவள் என்ற எண்ணம் எனக்கு நிறையவே உண்டு. ஆனால் வாயைத் திறக்கவில்லை, அதற்குக் காரணம் பக்தி அல்ல. படலையில் வேப்பிலை தொங்கினால் ஒருவரும் வரமாட்டார்கள். ஒருவரும் வராவிட்டால் இவருடைய கையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். சின்னமுத்து என்றால் சின்னமுத்து, ஒரு கிழமையில் இறங்கிவிடும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது.

குளிசையை மட்டும் நிறுத்தவில்லை. மச்சாள் சாமியறையில் விளக்கு வைக்கிற நேரம் பார்த்துப் போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போவேன். இவர் படுத்தபடியே கையை நீட்டுவார். மச்சாளின் மூடநம்பிக்கைக்கு எதிராக நான் ஒருத்தி நின்று இவருடைய கையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

மூன்றாம் நாள் இவர் கையை உடனே நீட்டவில்லை.

"இதைக் குடிச்சாப் பிறகுதான் உடம்பு கூட எரியிற மாதிரிக் கிடக்கு. ரெண்டு நாளைக்கு விட்டுப் பாப்பமே?"

இருபத்தெட்டு வருடத்தில் இவர் நான் தந்த ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சீறி விழுந்தேன்.

"விட்டா விரல் மடங்கிப்போகும், தெரியுமே? டொக்டர் என்ன சொன்னவர்? ஒரு நாளும் விடக் கூடாதெண்டு சொன்னவரோ இல்லையோ? அக்காவின்ர கதையைக் கேட்டு ஆடாதேங்கோ."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை நீட்டினார்.

சலம் கடுந்தேத்தண்ணி நிறத்தில் போகிறது என்றார். அது சிவப்புக் குளிசையால் என்றேன். சிவப்புக் குளிசை குடித்து எத்தனையோ நாள் கழிந்துவிட்டது என்று யோசிக்கவில்லை. நான்காம் நாள் காலையில் முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அன்று பின்னேரமும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் விடியக் கண் மஞ்சளாகக் கிடந்தது. அதைக் கண்டதும் மச்சாளே வேப்பிலைக் கொத்தைக் கீழே வைத்துவிட்டு, "இது அம்மாளில்லைப் பிள்ளை. ஓட்டோவைக் கூப்பிடு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முதலில் சொன்ன ஆள் அவர்தான், நான் அல்ல.

வெளிநோயாளர் பிரிவில் ஒரு இளம் டொக்டர் இருந்தார், என் மகளின் வயதுதான் இருக்கும். காய்ச்சல் எத்தனை நாள், வயலில் இறங்கினவரா, எலிக் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து எடுத்தவரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"வேற ஏதும் மருந்து பாவிக்கிறவரோ? தொடர்ந்து எடுக்கிற குளிசை ஏதும்?"

மச்சாள் எனக்குப் பக்கத்தில், தோள் முட்டுகிற தூரத்தில், தண்ணீர்ப் போத்தலோடு நின்றார்.

"இல்லை," என்றேன். "விற்றமின் மட்டும்."

இவர் சில்லுக் கதிரையில் இருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வார்டில் சேர்த்து ஊசியேற்றி, இரத்தம் இரத்தமாக எடுத்தார்கள். டெங்கு இல்லை, எலிக் காய்ச்சலுக்கும் ஒன்றும் தெளிவாகச் சொல்லவில்லை, ஈரல் பழுதுபட்டுக்கொண்டு போகிறது, காரணம் பிடிபடவில்லை என்றார்கள். வார்டு டொக்டரும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே மறுமொழியைச் சொன்னேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் இரண்டாம் தரம் சொல்வது அவ்வளவு பெரிய பாடில்லை. முதல் நாள் பின்னேரம், நோயாளி பார்க்கிற நேரத்தில், என் கைப்பையில் இருந்த போத்தலைத் திறந்து இவருக்குக் குளிசை கொடுத்தேன். ஆம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல்.

இரண்டாம் நாளும் ஐந்து மணிக்குப் போனோம். இவருடைய உதடு வெடித்து, முகம் அடையாளம் தெரியாமல் இருந்தது. மச்சாள் கட்டில் ஓரத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் போத்தலை எடுத்தேன். இவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடி திறக்கிற சத்தம் கேட்டதும் கை மட்டும் போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து விரிந்தது. மற்றக் கையில் ஊசி ஏற்றியிருந்ததால் தாங்குவதற்கு அது வரவில்லை.

"அதென்ன அம்மா?"

காய்ச்சல் பார்க்க வந்த தாதி எனக்குப் பின்னால் நின்றார்.

"விற்றமின்."

"இஞ்ச தாங்கோ பாப்பம்."

தாதி போத்தலை வாங்கித் தன் உள்ளங்கையில் கவிழ்த்தார். வெள்ளையும் மண்ணிறமுமாகக் குளிசைகள் விழுந்தன. ஒரு வெள்ளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது விற்றமின் இல்லையே. எங்க வாங்கினனீங்கள்? அட்டை எங்க?"

அப்போதும் ஒரு பொய் என் வாய்க்குள் தயாராக வந்து நின்றது. கடையில் தந்தார்கள், எனக்குத் தெரியாது என்று சொல்லியிருப்பேன். இவருடைய கை இன்னும் விரிந்தபடி இருந்தது. ஒன்றும் வந்து விழாததால் விரல்கள் மெல்ல அசைந்து தேடின. சுண்டுவிரல் பக்கம் கேத்தில் சுட்ட தழும்பு. அதைப் பார்த்தேன்.

"தொழுநோய்க் குளிசை," என்றேன். "ஒண்டரை மாசமாக் குடிக்கிறார். நேற்றும் குடுத்தனான். காய்ச்சல் வந்தாப் பிறகும் ஒவ்வொரு நாளும் குடுத்தனான்."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் அடங்கவில்லை. அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். தாதி போத்தலோடு டொக்டரின் அறைக்கு ஓடினார்.

நான் மச்சாளைப் பார்க்கவில்லை. எழும்பி விலகிப் போவார், பழத்தைக் கீழே போடுவார், தலையில் அடித்து அழுவார் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். பிறகு நிமிர்ந்தபோது, அவர் சுளையில் விதை எடுத்து, நார் உரித்து, தம்பியின் வெடித்த வாயில் தன் விரலாலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் குடுக்காதையெண்டு சொன்னனான்" என்றார். அவ்வளவுதான்.

டொக்டர் வந்தார். டப்சோன் என்கிற அந்த வெள்ளைக் குளிசை பெரும்பாலும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும், யாரோ ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளாவிட்டால் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் இப்படித்தான் காய்ச்சலோடும் சிவப்போடும் வரும், அந்த நேரம் நிறுத்தாமல் கொடுக்கக் கொடுக்க ஈரலைக் கொண்டுபோய்விடும் என்றார். "கேட்டனாங்கள் எல்லோ அம்மா, ரெண்டு தரம் கேட்டனாங்கள்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னார்.

அன்றே இவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நடந்தது ஒரே மாதிரியான நாட்கள். விடியப் பஸ், பின்னேரம் பஸ், ஏ-ஒன்பது வீதியில் ஆனையிறவு வெயில். இவருடைய தோல் உரிந்து படுக்கை விரிப்பில் கிடக்கும், நான் கையால் கூட்டி எடுப்பேன். மூன்றாம் கிழமை வரைக்கும் ஒரு டொக்டரும் பயமில்லை என்று சொல்லவில்லை. நானும் மச்சாளும் ஒரே இருக்கையில் இருந்து போய் வந்தோம். அவர் என்னோடு பேசவில்லை. பாண் வாங்கினால் பாதியைப் பிய்த்து என் மடியில் வைப்பார், அதுதான் பேச்சு.

ஒரு நாள் பரந்தன் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"வருத்தம் ஆருக்கும் வரும். என்னட்டை ஏன் ஒளிச்சனீ?"

"நீங்கள் ஊருக்குச் சொல்லுவியள் எண்டுதான்."

"சொல்லுவன்தான்," என்றார். "அதுக்கு?"

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. அவர் யன்னல் பக்கம் திரும்பி, "சண்டைக்குள்ள ஷெல்லுக்குத் தப்பின என்ர தம்பியை ஒரு வெள்ளைக் குளிசைக்குக் குடுக்கப் பாத்தாய்" என்றார்.

இவர் பிழைத்து வந்தார். அம்மன் கோயிலில் மச்சாள் பொங்கல் வைத்தார். அம்மாள்தான் மருந்தை நிறுத்து என்று சொன்னவ, இந்தப் படித்த பிள்ளைதான் கேட்கவில்லை என்று அங்கே நின்ற எல்லோரிடமும் சொன்னார். உண்மையைப் பார்த்தால், அவர் சொன்னபடி குளிசையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் முதலில் செய்ததுபோல அறைக்குள் கிடத்தி வைத்திருந்தாலும் இவர் தப்பியிருக்க மாட்டார். இரண்டு பேரும் அன்பாகத்தான் இருந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து ஆளைக் கொன்றிருப்போம். இதை மச்சாளிடம் விளங்கப்படுத்த எனக்கு இனிச் சீவன் இல்லை.

தோல் கிளினிக்குக்குத் திரும்பிப் போனபோது டொக்டர் ஏசவில்லை. டப்சோனை விட்டுவிட்டு வேறு குளிசைகளைச் சேர்த்து எழுதினார். கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் சிவப்புப் பேனையால், இவருக்கு டப்சோன் ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று எழுதி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கேட்கும் முன்னரே இதைக் காட்டுங்கோ என்றார். நான் அதை மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று இவருடைய பேர்சில், ஒன்று என் கைப்பையில். மூன்றாவதை மச்சாள் பறித்துத் தன் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை இப்போது எல்லோருக்கும் எடுத்துக் காட்டுகிறார். மருந்துக் கடைக்காரர், ஓட்டோக்காரர், கமக்காரர் சங்கத் தலைவர், எல்லாருக்கும் தெரியும், எங்கள் வீட்டு ஆளுக்கு என்ன வருத்தம், என்ன மருந்து ஆகாது என்று. வவுனியாக்காரர் பிறகு தொடர்பு எடுக்கவில்லை. மகளிடம் சொன்னபோது, "அம்மா, இதுக்காகவோ அப்பாவை..." என்று தொடங்கி முடிக்காமல் போனை வைத்தாள். அந்த வசனத்தின் மிச்சத்தை நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் இல்லை.

புதுக் குளிசைகள் குசினித் தட்டில், வந்த அட்டையோடு, பெயர் வெளியே தெரியும்படி இருக்கின்றன. கூடத் தந்த தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். விற்றமின் போத்தலை ஆஸ்பத்திரியில் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பொழுதுபட நான் கந்தோரால் வந்து, சமைத்து, இவர் சாப்பிட்டு முடிய, அட்டையைக் கொண்டுபோய் நீட்டுவேன். வாசித்துப் பார்த்து நீங்களே எடுங்கோ என்பேன். மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுப்பேன். உடம்பு சூடோ, எங்கேயாவது சிவந்திருக்கோ, கண்ணைக் காட்டுங்கோ என்று ஒவ்வொரு நாளும் கேட்பேன். ஒவ்வொரு நாளும் கேட்டுக் களைத்துவிட்டேன். சில நாட்களில் இவர் கண்ணாடியை வாங்கமாட்டார்.

"நீர் தந்தாச் சரி" என்பார்.

சொல்லிவிட்டு வலது கையை இடது கையால் தாங்கி நீட்டுவார். அந்தக் கையில் மரத்த இடம் இன்னும் மாறவில்லை. அந்தப் பக்கம் குளிசை விழுந்ததா இல்லையா என்று இவருக்குத் தெரியாது, குனிந்து பார்த்தால்தான் தெரியும். இவர் கையைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்க்கிறார்.